ஒன்றேகால் மில்லிவோல்ட்: டிஜிட்டலிலிருந்து அனலாக்குக்கு ஒரு மைக் சர்க்யூட் வழியே

ஆர்டுயினோ உனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பை 5 வோல்ட்டில் ஓட்டும்போது, டிஜிட்டல் இன்புட்டில் 1.5 வோல்ட்டுக்குக் கீழே எது வந்தாலும் 0. 3 வோல்ட்டுக்கு மேலே எது வந்தாலும் 1. கிரவுண்டு 200 மில்லிவோல்ட் ஆடினாலும், சப்ளையில் ஸ்விட்சிங் இரைச்சல் ஏறியிருந்தாலும், புரோகிராம் ஒழுங்காக ஓடும். டிஜிட்டல் வேலை செய்பவர்களுக்கு வயர் என்றால் வயர், கிரவுண்டு என்றால் கிரவுண்டு. அப்படி நினைத்துக்கொள்ள அந்த ஒன்றரை வோல்ட் இடைவெளிதான் இடம் கொடுக்கிறது.

சாதாரண எலெக்ட்ரெட் மைக் கேப்சூலுக்கு முன்னால் பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பேசினால், அதிலிருந்து வருவது சுமார் 1.26 மில்லிவோல்ட். கணக்கு இதுதான்: மைனஸ் 44 டெசிபெல் உணர்திறன் என்று போட்டிருக்கும் மைக், 1 பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு 6.3 மில்லிவோல்ட் தரும். அவ்வளவு அருகில் பேசும் குரல் சுமார் 80 டெசிபெல், அதாவது 0.2 பாஸ்கல். பெருக்கினால் ஒன்றேகால் மில்லிவோல்ட். உனோவின் 10 பிட் ஏடிசியில் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) ஒரு படியே 4.88 மில்லிவோல்ட். மைக்கை நேராக ஏ0 என்ற அனலாக் இன்புட்டில் செருகினால் குரல் ஒரு படியைக்கூடத் தாண்டாது.

அனலாக் கற்றுக்கொள்ள விரும்பும் டிஜிட்டல் ஆட்களுக்கு நான் சொல்லும் முதல் சர்க்யூட் இதுதான். கல்லூரி லேப்களில் இன்னும் 741 என்ற ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) வைத்து ப்ளஸ் மைனஸ் 15 வோல்ட்டில் சைன் அலையைப் பெருக்கிக் காட்டுகிறார்கள். 741 வெளிவந்த ஆண்டு 1968. அந்தச் சோதனையில் சிக்னல் பெரியது, சப்ளை தாராளம். எதைத் தப்பாகச் செய்தாலும் ஏதோ ஒரு அலை திரையில் வந்துவிடும். ஒன்றேகால் மில்லிவோல்ட் அப்படி விடாது. ஒவ்வொரு தப்பையும் அது வெளியே கொண்டுவந்துவிடும்.

சர்க்யூட்டைச் சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் வரைந்துகொண்டே படியுங்கள்.

யுஎஸ்பியின் 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். அதே முனையிலிருந்து 2.2 கிலோ ஓம் வழியாக மைக்கின் ப்ளஸ். மைக்கின் மைனஸ் (உலோக உறையோடு சேர்ந்திருக்கும் கால்) கிரவுண்டுக்கு. 5 வோல்ட்டைப் பாதியாக்க இரண்டு 10 கிலோ ஓம், நடுவிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட், இந்த நடுதான் 2.5 வோல்ட் நடுப்புள்ளி. ஆப்-ஆம்ப் எம்சிபி6002, உள்ளே இரண்டு ஆம்ப்ளிஃபையர். மைக்கின் ப்ளஸிலிருந்து 100 நானோஃபாரட் வழியாக 3-ஆம் காலுக்கு. 3-ஆம் காலிலிருந்து 100 கிலோ ஓம் நடுப்புள்ளிக்கு. 1-ஆம் காலிலிருந்து 2-ஆம் காலுக்கு 22 கிலோ ஓம். 2-ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம், அதோடு தொடராக 10 மைக்ரோஃபாரட், அங்கிருந்து கிரவுண்டு. முதல் கட்டம் முடிந்தது, கெயின் (எத்தனை மடங்கு பெருக்கும் என்பது) 23. இரண்டாம் கட்டம் அச்சு அசல் இதே மாதிரி 5, 6, 7-ஆம் கால்களில். அதன் 100 நானோஃபாரட், 1-ஆம் காலிலிருந்து வரும். மொத்த கெயின் 23 பெருக்கல் 23, அதாவது 529. 8-ஆம் கால் 5 வோல்ட்டுக்கு, 4-ஆம் கால் கிரவுண்டுக்கு, இரண்டுக்கும் நடுவே, சிப்பை ஒட்டி, ஒரு 100 நானோஃபாரட். 7-ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஏ0. ஏ0-விலிருந்து கிரவுண்டுக்கு 47 நானோஃபாரட்.

529 கெயினில் குரலின் உச்சி சுமார் 0.94 வோல்ட் வரும். நடுப்புள்ளி 2.5 என்பதால் மேலும் கீழும் இடம் தாராளம். 88 டெசிபெல்லைத் தொட்டால்தான் அலையின் தலை வெட்டுப்படும்.

ஒரே ஆம்ப்ளிஃபையரில் 529 வைத்துவிட்டால் ஒரு சிப்பின் பாதி மிச்சம்தானே என்று தோன்றும். எம்சிபி6002-இன் கெயின்-பேண்ட்வித் (கெயினையும் அது எட்டும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் வரும் எண்) 1 மெகாஹெர்ட்ஸ். அதை 529-ஆல் வகுத்தால் 1.9 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேல் கெயின் சரிய ஆரம்பித்துவிடும். ஸ, ஷ போன்ற ஓசைகளின் உயிர் அதற்கு மேலேதான் இருக்கிறது. 23 கெயினில் ஒரு கட்டம் 43 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும், இரண்டும் சேர்ந்து 28 வரை. ஃபார்முலாப்படி இரண்டும் ஒரே 529தான், ஆனால் காதுக்குக் கேட்பது வேறு.

எந்த ஆப்-ஆம்ப் என்பதிலும் கவனம் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் எல்எம்358-ஐ எடுத்துக் கொடுப்பார்கள். நல்ல சிப்தான். ஆனால் 5 வோல்ட்டில் அதன் அவுட்புட் சுமார் 3.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. 2.5-ஐ நடுவாக வைத்தால் மேல்பக்கம் 1 வோல்ட்தான் மிஞ்சும். கத்தியவுடன் அலையின் மேல்பாதி மட்டும் தட்டையாகும். எல்எம்358தான் கையில் இருக்கிறது என்றால் நடுப்புள்ளியை 1.75 வோல்ட் அளவுக்கு இறக்குங்கள். டிஎல்072 ஆடியோவுக்குப் பேர்போனது. ஆனால் அதன் இன்புட்டுகள் சப்ளை முனைகளிலிருந்து சில வோல்ட் தள்ளியே இருக்க வேண்டும், 5 வோல்ட்டில் அதற்கு இடமே இல்லை. டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் பெருமைகளை விட்டுவிடுங்கள். உள்ளே அட்டவணையில் காமன்-மோட் இன்புட் ரேஞ்ச் (இன்புட்டுகள் இருக்கலாம் என்ற வோல்ட் எல்லை), அவுட்புட் ஸ்விங் (அவுட்புட் போக முடிந்த வோல்ட் எல்லை) என்ற இரண்டு வரிகளை முதலில் பாருங்கள். டிஜிட்டலிலிருந்து வருபவர்களின் சர்க்யூட் "வேலையே செய்யல" என்று ஆவதற்குப் பெரும்பாலும் அந்த இரண்டு வரிகளே காரணம்.

அடுத்த பெரிய தப்பு, 1 கிலோ ஓம்முக்குக் கீழே இருக்கும் அந்த 10 மைக்ரோஃபாரட்டை விட்டுவிடுவது. புத்தகப் படத்தில் அந்த ரெசிஸ்டர் நேராக கிரவுண்டுக்குத்தான் போகும். ஏனென்றால் அங்கே சப்ளை ப்ளஸ் மைனஸ். இங்கே 3-ஆம் காலில் 2.5 வோல்ட் டிசி உட்கார்ந்திருக்கிறது. கெப்பாசிட்டர் இல்லையென்றால் அந்த 2.5-ஐயும் 23 மடங்கு பெருக்க ஆப்-ஆம்ப் முயலும். 57 வோல்ட்டுக்கு எங்கே போகும்? 5 வோல்ட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். கெப்பாசிட்டர் இருந்தால் டிசிக்கு கெயின் 1, குரலுக்கு 23. 1 கிலோ ஓம்மும் 10 மைக்ரோஃபாரட்டும் சேர்ந்து 16 ஹெர்ட்ஸில் எல்லை வைக்கின்றன, அதற்குக் கீழேதான் கெயின் குறையும்; குரலுக்கு அது போதும்.

சிலர் கெப்பாசிட்டருக்குப் பதிலாக அந்த ரெசிஸ்டரை 2.5 வோல்ட் நடுப்புள்ளியில் கட்டுவார்கள். அந்தப் புள்ளிக்குத் தானே 5 கிலோ ஓம் உள்தடை உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். அதை ஒரு பஃபர் (கெயின் 1 உள்ள ஆம்ப்ளிஃபையர்) போட்டுச் சரிசெய்து, கட்டங்களையும் நடுவில் கெப்பாசிட்டர் இல்லாமல் டிசியிலேயே இணைத்துவிட்டால், ஆஃப்செட் (ஆப்-ஆம்ப்பின் இரண்டு இன்புட்டுகளுக்கும் நடுவில் இயல்பாகவே இருக்கும் சின்ன வித்தியாசம்) வந்து நிற்கும். எம்சிபி6002-இன் இன்புட் ஆஃப்செட் அதிகபட்சம் 4.5 மில்லிவோல்ட். 529-ஆல் பெருக்குங்கள்: 2.38 வோல்ட். மைக்கே இல்லாமல் அவுட்புட் ஓரத்துக்குப் போய்விடும். அதிலும் ஒரு சிப்பில் போகும், அடுத்த சிப்பில் போகாது. ஒரே பையிலிருந்து எடுத்த இரண்டு ஐசி வெவ்வேறு மாதிரி நடந்துகொள்ளும். டிஜிட்டலில் இதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

இப்போது சப்ளை. மைக்கின் உள்ளே ஜேஃபெட் என்ற ஒரு வகை டிரான்சிஸ்டர் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது ஏறக்குறைய ஒரு மாறா மின்னோட்ட மூலம். அதனால் 2.2 கிலோ ஓம்மின் மேல்முனையில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறதோ, அவ்வளவும் குறையாமல் மைக்கின் ப்ளஸ்ஸில் வந்து நிற்கும். யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் 10 மில்லிவோல்ட் இரைச்சல் என்பது மிகச் சாதாரணம். குரல் ஒன்றேகால், இரைச்சல் பத்து. அந்த முதல் 1 கிலோ ஓம்மும் 100 மைக்ரோஃபாரட்டும் இதற்காகத்தான். எல்லை 1.6 ஹெர்ட்ஸ், 1 கிலோஹெர்ட்ஸில் இரைச்சல் அறுநூறில் ஒரு பங்காகிறது. 10 மில்லிவோல்ட் 16 மைக்ரோவோல்ட்டாக இறங்குகிறது. இரண்டு பார்ட், சில ரூபாய். இதைவிட அதிகம் திருப்பித் தரும் ஃபில்டர் வேறு எனக்குத் தெரியாது.

கிரவுண்டுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

ப்ரெட்போர்டில் ஒரு ஜம்பர் வயரும் இரண்டு ஸ்பிரிங் தொடர்புகளும் சேர்ந்து 50 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். பழைய போர்டில் இதைவிட அதிகம் இருக்கும். அதே வயர் வழியாக ஒரு சிவப்பு எல்இடியின் 20 மில்லியாம்பியர் திரும்பிப் போகிறது. 20 மில்லியாம்பியர் பெருக்கல் 50 மில்லி ஓம்: 1 மில்லிவோல்ட். ஏறக்குறைய குரலின் அளவு. அது 529 மடங்காகி ஏ0-வில் அரை வோல்ட்டுக்கு மேல், ஏடிசியில் நூற்றுக்கு மேற்பட்ட படிகள். எல்இடி எரிந்து அணையும் ஒவ்வொரு முறையும் ஒரு துள்ளல். யாரோ மைக்கைத் தட்டியது போலவே தெரியும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி: முதல் கட்டம் எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலான வித்தியாசத்தைப் பெருக்குகிறது? மைக்கின் கிரவுண்டு வயர்தான் ஒரு புள்ளி என்று எல்லோரும் நினைப்பார்கள். ஜேஃபெட் மின்னோட்ட மூலம் என்று மேலே சொன்னதை வைத்துப் பாருங்கள். மைக்கின் ப்ளஸ் எதைத் தொற்றிக்கொண்டு நிற்கிறது? 2.2 கிலோ ஓம் வழியாக அந்த 100 மைக்ரோஃபாரட்டை. ஆகவே ஒரு புள்ளி, 100 மைக்ரோஃபாரட்டின் மைனஸ் கால். இன்னொன்று, 1 கிலோ ஓம்மின் கீழே இருக்கும் 10 மைக்ரோஃபாரட்டின் மைனஸ் கால். இந்த இரண்டு கால்களுக்கும் நடுவே வரும் ஒவ்வொரு மைக்ரோவோல்ட்டும் குரலாகவே எண்ணப்படும். இரண்டையும் ப்ரெட்போர்டின் ஒரே ஐந்து துளை வரிசையில் செருகுங்கள். மைக்கின் மைனஸையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். அந்த வரிசையிலிருந்து ஒரே ஒரு வயர் சப்ளை கிரவுண்டுக்கு. எல்இடி, மோட்டார், ரிலே எல்லாம் தங்கள் கிரவுண்டைத் தனி வயரில் சப்ளை வரை கொண்டுபோகட்டும். சர்க்யூட் படம் துளியும் மாறவில்லை, இரைச்சல் போய்விடும்.

இதனால்தான் கிரவுண்டு குறியீட்டைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் "இதன் வழியாக யாருடைய மின்னோட்டம் திரும்பிப் போகிறது?" என்று கேட்டுப் பழக வேண்டும் என்கிறேன். பிசிபியிலும் இதே கதைதான். 35 மைக்ரான் செம்பில் ஒரு சதுரத்துக்கு அரை மில்லி ஓம். கால் மில்லிமீட்டர் அகலத்தில் 25 மில்லிமீட்டர் நீளம் ஓடும் தடம் நூறு சதுரம், 50 மில்லி ஓம்.

அடுத்தது, சர்க்யூட்டே சொந்தமாக ஆட ஆரம்பிப்பது. எல்லாம் சரியாகப் போட்டும், அமைதியான அறையில் ஏடிசி எண்கள் தாறுமாறாக இருக்கும், மல்டிமீட்டர் 2.5 என்றே காட்டும். ஆசிலோஸ்கோப் வைத்தால் 43 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அலை. காரணம், 7-ஆம் காலிலிருந்து போகும் வயரும் மைக்கின் ப்ளஸ் வயரும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது. இரண்டு உலோகங்கள் பக்கத்தில் இருந்தால் அது ஒரு கெப்பாசிட்டர். ப்ரெட்போர்டின் அடுத்தடுத்த வரிசைகளுக்கு நடுவிலேயே சில பிக்கோஃபாரட் உண்டு. இந்தச் சர்க்யூட்டில் எவ்வளவு இருந்தால் ஆடும் என்று கணக்கிடலாம். இரண்டு கட்டங்களும் 43 கிலோஹெர்ட்ஸில் தலா 45 டிகிரி பின்தங்குகின்றன. அந்தத் திருட்டுக் கெப்பாசிட்டர் 2.2 கிலோ ஓம்மோடு சேர்ந்து 90 டிகிரி முன்தள்ளுகிறது. கூட்டினால் பூஜ்யம். அதாவது திரும்பி வரும் சிக்னல் அசலோடு கைகோத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் சுற்றுக் கெயின் (சிக்னல் ஒரு சுற்று சுற்றித் திரும்பும்போது ஆகும் மடங்கு) 1 ஆவதற்கு வேண்டியது சுமார் 6.4 பிக்கோஃபாரட். இரண்டு வயர் சில சென்டிமீட்டர் ஒட்டிக் கிடந்தால் போதும்.

மைக் வயரை எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிடுவது முதல் மருந்து. இரண்டாவது, 22 கிலோ ஓம் ஒவ்வொன்றின் குறுக்கேயும் 1 நானோஃபாரட் போடுவது. எல்லை 43-லிருந்து 7.2 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆடவைக்கத் தேவையான பிக்கோஃபாரட் ஆறு மடங்காகி 38-ஐத் தாண்டும். குரலுக்கு 28 கிலோஹெர்ட்ஸ் எதற்கு? தேவையில்லாத பேண்ட்வித்தை வைத்திருப்பது, பூட்டாத கதவு.

இந்த 1 நானோஃபாரட்டுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உனோவின் ஏடிசி 125 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு மாதிரிக்கு 13 துடிப்பு எடுக்கும். நொடிக்குச் சுமார் 9,600 மாதிரி. அதில் பாதி 4.8 கிலோஹெர்ட்ஸ். 8.6 கிலோஹெர்ட்ஸ் விசில் ஒன்று உள்ளே வந்தால், எண்களில் அது 1 கிலோஹெர்ட்ஸாக மடிந்து தெரியும். அதன்பின் எந்த நிரலாலும் பிரிக்க முடியாது. கடைசியில் இருக்கும் 1 கிலோ ஓம், 47 நானோஃபாரட் ஜோடி 3.4 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது; ஆனால் 8.6-ஐ 2.7 மடங்குதான் குறைக்கும். இரண்டு 1 நானோஃபாரட்டும் சேர்ந்தால் 6.6 மடங்கு. இதுவும் கறாரான ஃபில்டர் ஆகாது, ஆனால் கைதட்டலைக் கண்டுபிடிக்கவும் ஒலி அளவு காட்டவும் தாராளம். அந்த 47 நானோஃபாரட், ஏடிசியின் உள்ளே இருக்கும் 14 பிக்கோஃபாரட் மாதிரிக் கெப்பாசிட்டருக்கு உடனடி மின்னூட்டம் கொடுக்கும் தொட்டியாகவும் இருக்கிறது. ஆப்-ஆம்ப்புக்கும் அதற்கும் நடுவில் 1 கிலோ ஓம் இருப்பதால், கெப்பாசிட்டிவ் லோடைப் பார்த்து ஆப்-ஆம்ப் தடுமாறுவதும் இல்லை.

பார்ட் வாங்கும்போது: ரெசிஸ்டர் எல்லாம் 1 சதவீத மெட்டல் ஃபிலிம். சிக்னல் போகும் 100 நானோஃபாரட் இரண்டும் பாலியெஸ்டர் ஃபிலிம். மலிவான செராமிக் போட்டால், மேசையைத் தட்டும்போது அது தானே மின்னழுத்தம் உண்டாக்கும். செராமிக்கின் பீசோ குணம் அது, 529 மடங்கில் நன்றாகவே கேட்கும். சப்ளைக்குக் குறுக்கே இருக்கும் 100 நானோஃபாரட்டுக்குச் செராமிக்தான் சரி. இரைச்சல் குறைந்த விலையுயர்ந்த ஆப்-ஆம்ப் இங்கே வீண்செலவு. எம்சிபி6002-இன் இரைச்சல் இந்தப் பேண்ட்வித்தில் இன்புட் கணக்கில் 2 மைக்ரோவோல்ட் அளவு. 60 டெசிபெல் சிக்னல்-நாய்ஸ் உள்ள மைக்கின் சொந்த இரைச்சலே 6 மைக்ரோவோல்ட்டுக்கு மேல்.

கட்டும் முறை டிஜிட்டல் ஆட்களுக்குப் பழக்கமானதுதான்: டெஸ்ட் எழுதிவிட்டு கோட் எழுதுவது. பவர் கொடுக்கும் முன் ஒவ்வொரு புள்ளியிலும் என்ன வர வேண்டும் என்று காகிதத்தில் எழுதுங்கள். மைக் 0.3 மில்லியாம்பியர் இழுத்தால், 1 கிலோ ஓம்மில் 0.3 வோல்ட், 2.2-இல் 0.66, மைக் ப்ளஸ் சுமார் 4.0 வோல்ட். நடுப்புள்ளி 2.50. 1, 2, 6, 7-ஆம் கால்கள் எல்லாம் 2.50. 3, 5-ஆம் கால்களில் மட்டும் மீட்டர் 2.48 காட்டும், மீட்டரின் 10 மெகா ஓம், 100 கிலோ ஓம்மோடு சேர்ந்து ஒரு சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. அதைப் பிழை என்று நினைத்துத் தேடிப் போகாதீர்கள். 2-ஆம் காலும் 3-ஆம் காலும் பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் வேறுபட்டு, மீட்டரின் இந்தத் தின்னலும் காரணமில்லை என்றால், ஃபீட்பேக் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது அவுட்புட் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. முதல் கட்டத்தை மட்டும் போட்டுச் சரிபார்த்த பிறகே இரண்டாவதைச் செருகுங்கள். நீளமான ப்ரெட்போர்டுகளில் பவர் கோடு நடுவில் வெட்டுப்பட்டிருக்கலாம். அதையும் மீட்டரில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில் இதை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஆனால் அதில் வயருக்குத் தடையும் கிடையாது, அடுத்த வயரோடு உறவும் கிடையாது. நீங்களாக 7-ஆம் காலிலிருந்து மைக் ப்ளஸ்ஸுக்கு ஒரு 8 பிக்கோஃபாரட்டைப் போட்டு, சப்ளையை 0-விலிருந்து ஏற்றி, ஆட்டத்தைப் பாருங்கள். பிறகு 1 நானோஃபாரட்டுகளைச் சேர்த்து அது அடங்குவதைப் பாருங்கள்.

நிரல் பக்கம் ஒரு விஷயம். செட்டப் பகுதியிலேயே நூறு மாதிரி எடுத்துச் சராசரியை "பூஜ்யம்" என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் நிறையப் பேரிடம் உண்டு. இந்தச் சர்க்யூட்டில் 10 மைக்ரோஃபாரட் 23 கிலோ ஓம் வழியாக நிரம்ப வேண்டும். நேர மாறிலி 0.23 நொடி, அடங்க ஒரு நொடிக்கு மேல். இரண்டு நொடி காத்திருந்துவிட்டு எடுங்கள். நடுப்புள்ளியும் ஏடிசியின் ரெஃபரன்ஸும் ஒரே 5 வோல்ட்டிலிருந்து வருவதால், யுஎஸ்பி 4.8-க்கு இறங்கினாலும் 512-ஐ ஒட்டி நிற்கும் அந்தப் பூஜ்யம் இடம் நகராது.

கடைசிச் சோதனை. மைக்கின் ப்ளஸ்ஸை ஒரு வயரால் கிரவுண்டோடு சேர்த்துவிடுங்கள், வழியில் 1 கிலோ ஓம்மும் 2.2 கிலோ ஓம்மும் இருப்பதால் ஒன்றரை மில்லியாம்பியர்தான் ஓடும், எதுவும் கெடாது. ஏடிசி 507-க்கும் 517-க்கும் நடுவில் ஏதோ ஒரு எண்ணில் நின்று, ஒன்று மேலே ஒன்று கீழே என்று மட்டும் அசைய வேண்டும். வயரை எடுங்கள், சத்தமில்லாத அறையில் அசைவு இரண்டு மூன்று எண்ணாகும். இனி எல்இடியை நொடிக்கு ஒருமுறை எரிய விடுங்கள். எண்கள் எல்இடியோடு சேர்ந்து துள்ளினால், 100 மைக்ரோஃபாரட்டின் மைனஸ் காலும் 10 மைக்ரோஃபாரட்டின் மைனஸ் காலும் எந்தெந்தத் துளையில் இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள்.